கொப்பரையிடம் கைமாற்று

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் சமர்கந்தில் மழை விட்டபாடில்லை. பல்கலைக்கழக வீதியின் சினார் மரங்கள் தளிர் விடுவதற்கு முன்பே கறுத்து நனைந்து நின்றன. எங்கள் பழைய மஞ்சள் செங்கல் கட்டிடத்தில் எந்த வகுப்பறையின் எந்த மூலையில் வாளி வைக்கவேண்டும் என்பது முதலாண்டு மாணவனுக்குக்கூட மனப்பாடம். பெரிய மனிதர்கள் வந்தால் பளிங்குக் கல்வெட்டு இருக்கிற முன்வாசல் வழியாக அழைத்துப்போய் அப்படியே விழா மண்டபத்தில் உட்கார வைத்துவிடுவோம். வாளிகள் அவர்கள் கண்ணில் படாது. நான் அங்கே புவியியல் நடத்துகிற தோம்லா, அதாவது வாத்தியார். அதனால் மழை எப்போது நிற்கும் என்று ஆளாளுக்கு என்னைத்தான் கேட்பார்கள். நாளைக்கு நிற்கும் என்பேன். நிற்காது.

"நாளைக்காவது நிக்குமா தோம்லா?" என்று மற்றவர்கள் விளையாட்டுக்குக் கேட்பார்கள். ஹிலோலா நிஜமாகவே கேட்டாள்.

ஆசிரியர் குடியிருப்பில் என் வீட்டுக்கு நேர் மேல்வீடு அவளுடையது. தாவரவியல் துறையில் ஆராய்ச்சி செய்கிறவள். கணவன் உக்தம் வரலாறு நடத்துகிறவன். தைமூரின் படையெடுப்பைக்கூட யாரையும் எழுப்பிவிடாத குரலில் சொல்லி முடித்துவிடுவான். உக்தமின் அக்கா ஹமிதாவும் அவர்களோடுதான் இருந்தாள். புருஷனை லாரி விபத்தில் பறிகொடுத்தவள். எங்கள் புலத்தின் கேன்டீனை நடத்துவது அவள்தான். வசந்தம் வந்தால் அவள் சுடுகிற கீரை சம்சாவுக்காக வேதியியல்காரர்கள் வகுப்பைப் பாதியிலேயே முடித்துவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள். அவள் வாய்க்குப் பயந்து, துணை டீன்கூட அந்த வரிசையில் நின்றுதான் வாங்குவார்.

ஹிலோலாவின் கவலை ஒரு பை கோதுமை. மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெறும் வானத்தை நம்பி விதைத்துவந்த பழைய ரகம். கதிர் முற்றினால் மீசை செம்பட்டையாகிவிடும் என்பதால் ஊர்க்காரர்கள் அதைச் செந்தாடி என்பார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் மற்ற கோதுமையெல்லாம் காய்ந்து நின்றபோது இது மட்டும் மணி பிடித்தது. அதைப் பார்த்துவிட்டு வந்தவள்தான், பிறகு வேறு பேச்சே பேசவில்லை. துருநோய் தாக்காத செடிகளாகத் தேர்ந்து, விதைத்து, அறுத்து, மறுபடி தேர்ந்து, இப்படியே வருஷங்கள் போயின. அதற்குள் அந்தக் கிராமமும் செந்தாடியை விட்டுவிட்டு விலைக்கு வாங்கிய விதைக்கு மாறிவிட்டது. துறையின் குளிர் அறையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. ஜனவரிக் கடுங்குளிரில் தண்ணீர்க் குழாய் வெடித்து அதுவும் ஊறி அழுகிப் போயிற்று. மிச்சம் தேறிய ஒரு பெரிய கிண்ணம் அளவைத் துணிப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி போட்ட பால்கனியில், வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் பக்கத்தில் வைத்திருந்தாள். உலகத்தில் செந்தாடி என்று இருந்தது அந்த ஒரு பைதான். இந்த வசந்தத்தில் அது மண்ணுக்குள் போயாக வேண்டும். சோதனை வயலோ சேறாகக் கிடந்தது.

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்குச் சில நாட்கள் இருக்கையில் ஒரு காலையில் மழை நின்றது. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அதனால்தான் நின்றிருக்க வேண்டும். முற்றத்தில் பாதாம் மரத்தடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஹிலோலா ரப்பர் பூட்ஸோடு பால்கனிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு எதிரே கொடியில் ஒரு துணிப் பை, துவைத்து, இரண்டு கிளிப் போட்டு, வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் மாடிப்படி இறங்கி ஓடிய வேகத்தைப் பார்த்து நானும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பின்னால் போனேன். வம்பு பார்க்கத்தான் போனேன், வேறென்ன.

கேன்டீனில் ஹமிதா கீரை அரிந்துகொண்டிருந்தாள். கறிகாய்க் கிடங்கின் கதவு பூட்டியிருந்தது. உள்ளே நவ்ரூஸ் சுமலக்குக்கான கோதுமை முளைத்துக்கொண்டிருந்தது. சுமலக் என்பது முளையை அரைத்து, அந்தப் பாலைக் கொப்பரையில் நாள் பூராவும் கிண்டிச் செய்கிற இனிப்புக் களி. எங்கள் புலத்துக் கொப்பரைக்கு அந்த வருஷம் ஹமிதாதான் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு கிண்ணம் கோதுமை வாங்கி, ஊறவைத்து, பலகையில் பரப்பி, கண்ட கண்கள் படாமல் பூட்டி வைத்திருந்தாள்.

"பால்கனியில இருந்த பை எங்கக்கா?"

"கொடியில தொங்குதே, பாக்கலியா? இன்னைக்குத்தான் தொவச்சேன். அதுல என்னமோ மைக்கறை இருந்துச்சு. எலுமிச்சை போட்டுக் கசக்கினேன், போயிருச்சு."

அந்த மைக்கறைதான் ரகத்தின் எண்.

"உள்ள இருந்த கோதுமை?"

"சுமலக்குக்குக் குடுத்தாச்சு. நம்ம வீட்டு மானத்தைக் காப்பாத்தியிருக்கேன், தெரிஞ்சுக்கோ. அந்த மத்லுபா ஒண்ணு கொண்டாந்தா பாரு, பாதி நொறுங்கல், மீதி கல்லு. வேதியியல் படிச்ச பொம்பள! நம்மது ஒரு மணி உடைஞ்சதில்ல. மத்ததெல்லாம் இப்பத்தான் கண்ணு முழிக்குது, நம்மது வெள்ளை வெளேர்னு முளைச்சு நிக்குது."

ஹிலோலா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து ஹமிதா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"அது என் விதை அக்கா. வயலுக்கு வச்சிருந்தது. எல்லாமே அதான். வேற இல்ல."

"விதையா? வெளக்கு வச்சதும் உக்காந்து ஒவ்வொரு மணியா பொறுக்கிட்டு இருந்தியே, அதா?"

"அதேதான்."

"நான் சுமலக்குக்குன்னு நெனச்சேன்!" ஹமிதாவின் குரல் உயர்ந்தது. "வேற எதுக்குடி ஒரு பொம்பள கோதுமைய ஒவ்வொண்ணாப் பொறுக்குவா? எங்கம்மா பொறுக்கினா, நான் பொறுக்கினேன், எல்லாம் கொப்பரைக்குத்தான். இந்த வருஷமாவது இவளுக்கு வீட்டுப் பழக்கம் வந்துச்சேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா! உக்தம்கிட்டகூட சொன்னேன். அந்த மரமண்டையும் ஆமான்னு தலைய ஆட்டிட்டுப் போச்சு."

உண்மையிலேயே நம் ஊரில் அப்படித்தான் நினைப்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

 அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஹிலோலா எழுந்து பூட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர் எவ்வளவு வந்திருக்கு?"

"ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுப் பாய் மாதிரி கெடக்கு. நாளைக்கு அரைக்கணும்."

"பச்சை திரும்பிருச்சா?"

"திரும்ப விடுவேனா? திரும்பினா கசக்கும்ல."

"அப்ப உயிரோடதான் இருக்கு. பிரிச்சு நட்டுடலாம். கதவைத் திறங்க அக்கா."

ஹமிதா சாவிக்கொத்தை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது."

"அக்கா!"

"சுமலக்குக்குன்னு சொல்லி நனைச்சாச்சு. இனிமே அது உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. கொப்பரையோடது. குடுத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது. வேற எது வேணா கேளு. நானே மலைக்குப் போயி வீடு வீடா கேட்டு வாங்கிட்டு வரேன்."

"அங்க யார்கிட்டயும் இல்லக்கா. இருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?"

ஹமிதா அரிந்த கீரையை ஓரமாகக் கூட்டி வைத்தாள். பிறகு பேசியபோது அந்தக் கேன்டீன் குரல் காணாமல் போயிருந்தது.

"உனக்குத் தெரியாது. ஒரு வருஷம் நான் குடுக்கல. வாசல்ல வந்து கேட்டாங்க. மாவு பிசைஞ்ச கையோட இருந்தேன், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்த வருஷந்தான் அவரு லாரிய எடுத்துட்டு மலைப்பாதையில போனாரு. குடுக்காம விட்டதுக்கே அப்படி. குடுத்ததை எடுத்தா என்ன ஆகும்? இந்த வீட்டுல எனக்கு மிச்சம் இருக்கறது நீயும் அவனுந்தான்."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். மண்ணியல், காற்றழுத்தம், தர்க்கம் என்று எனக்குத் தெரிந்த எதுவும் அந்த இடத்தில் உதவாது என்று புரிந்தது.  ஹிலோலாவும் அதைப் பற்றி வாதாடவில்லை. அங்கேதான் எனக்கு அவள்மேல் மதிப்பு கூடியது.

"நீங்க எடுக்க வேண்டாம்" என்றாள். "சாவிய மட்டும் குடுங்க. நான் எடுக்கறேன். என்ன வந்தாலும் அது எனக்கு வரட்டும். நான் தாங்கிக்கறேன்."

"உனக்கா?"

"ஆமா. இந்த விதைய இன்னைக்கு விட்டுட்டா அதைவிடப் பெருசா எனக்கு ஒண்ணும் வந்துடப் போறதில்ல."

ஹமிதா அவளையே உற்றுப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. கையை ஏப்ரனில் துடைத்தாள், சாவியை எடுத்தாள்.

"பைத்தியக்காரி. உனக்கு வர நான் விட்டுருவேனா? தள்ளு."

கிடங்குக்குள் ஈரமும் இனிப்புமாக ஒரு வாடை. சுவரோரமாகப் பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் நனைந்த வெள்ளைத் துணி. எல்லாக் கோதுமையும் ஒன்றாகக் கலந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஹமிதா வீட்டுக்கு ஒரு பலகையாகத் தனித்தனியே பரப்பியிருந்தாள். யார் வீட்டுக் கோதுமை முளைக்காமல் சதி செய்தது என்று தெரிந்து, நவ்ரூஸ் அன்று நாலு பேர் நடுவில் சொல்லிக் காட்டுவதற்காக. அந்தப் பொல்லாத குணம்தான் செந்தாடியைக் காப்பாற்றியது.

அவள் ஜன்னலோரப் பலகைக்கு முன்னால் நின்று பிஸ்மில்லா சொன்னாள். பிறகு யாரோ பெரியவரிடம் பேசுவதுபோல் கொஞ்சம் குனிந்தாள்.

"திருப்பி எடுக்கல. கைமாத்தாத்தான் கேக்குறோம். எம் பேர்ல. அடுத்த வருஷம் இதே கோதுமைய, இதே அளவுக்குக் கொண்டாந்து குடுக்கறேன். இந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

சொல்லிவிட்டுப் பலகையைத் தானே தூக்கினாள்.

வேர்ப்பின்னலைப் பிரிப்பது லேசான வேலையாக இல்லை. கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெரிய தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, பின்னலைத் துண்டு துண்டாக மிதக்கவிட்டு, விரலால் அளைய வேண்டும். இழுத்தால் அறும். ஹிலோலா ஒரு முறை செய்து காட்டினாள். ஹமிதா போனைக் கையில் எடுத்தாள். அடுத்த நாள் அரைப்பதற்கு வருவதாக இருந்த பெண்களெல்லாம் அன்றைக்கே, திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ஹஷார், ஊர் கூடிச் செய்கிற வேலை, என்று சொல்லிக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி கிடையாது, ஆனால் சாப்பாடு உண்டு.

வேதியியல் மத்லுபா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"என் கோதுமை கல்லாம்ல? ஊரெல்லாம் சொல்லியாச்சாமே?"

"கல்லுதான்" என்றாள் ஹமிதா. "உக்காந்து பிரி. உன் வெரல்தான் மெல்லிசு."

"காரியம் ஆகணும்னா வெரலு தெரியுது."

"சோதனைக் குழாய் புடிச்ச வெரலு, அதுவாவது எதுக்காச்சும் உதவட்டும்."

தொட்டியைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. துணை டீன் பஹ்ரோம் நடுவில் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு புலத்துக் கொப்பரைக்கும் நடுவில் போட்டி வைத்து, ரெக்டர் ருசி பார்ப்பதாக ஏற்பாடு.

"ஹமிதா அக்கா, கொப்பரைக்கு ஒரு பலகை குறையுதே! போன வருஷமே நம்ம சுமலக் தண்ணியா இருக்குன்னு சட்டத்துறைக்காரங்க சிரிச்சாங்க."

"சட்டத்துறைக்காரன் எதுக்குத்தான் சிரிக்கல? நீங்க பஸ்ஸுக்கு ஏற்பாடு பண்ணுங்க. எல்லாரும் வயலுக்குப் போகணும்."

"பஸ்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே மனு..."

"தோம்லா, இனிமே உங்களுக்கு சம்சா வேணுமா வேண்டாமா?"

பஸ் வந்தது.

சோதனை வயல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வாதுமைத் தோப்பை ஒட்டி இருந்தது. மேல்மண் கொஞ்சம் காய்ந்திருந்தது. அடியில் இன்னும் சேறு. ஹிலோலா கயிறு கட்டி வரிசை பிடித்தாள். நாங்கள் குச்சியால் குழி போட, பெண்கள் ஈரத்துணியிலிருந்து முளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கட்டைவிரலால் மண்ணை அணைத்தார்கள். மதியத்துக்கு மேல் மறுபடி தூறல் பிடித்தது. ஒருவர்கூட வீட்டுக்குப் போகலாம் என்று வாய் திறக்கவில்லை. முதுகு ஒடிந்தது. ஹமிதா உருளியில் சூப்பும், தோளில் போட்ட துணியில் ரொட்டியுமாக வரப்பில் வந்து நின்று, சேற்றுக் கையோடு நிற்கிறவர்களுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டிவிட்டாள். எனக்கும் ஒரு வாய் கிடைத்தது.

"இத்தனையும் பொழைக்குமா?" என்று ஹிலோலாவிடம் கேட்டேன்.

"பாதி பொழைச்சாப் போதும் தோம்லா. கால்வாசி பொழைச்சாலும் போதும். ஒரு கைப்பிடி கிடைச்சா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த குழிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நவ்ரூஸுக்கு முந்திய நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் படவில்லை. மேகம் விலகினால் உறைபனி விழும். இந்தத் தடவையும் நான் சொன்னது பலிக்காமல் போகக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே மேல்வீட்டில் போய்ச் சொன்னேன். ஹிலோலா வீட்டிலிருந்த போர்வை, படுதா எல்லாவற்றையும் உருவினாள். ஹமிதா கேன்டீன் மேஜை விரிப்புகளைக் கொண்டுவந்தாள். வயலில் பாதியைக்கூட அவற்றால் மூட முடியாது என்று தெரிந்தது. உக்தம் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். விழா நிகழ்ச்சிக்கு அவன்தான் அந்த வருஷம் பொறுப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தான், வழக்கம்போல் சொல்லவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான்.

"பாத்தியா? வீடே கொதிக்குது, இவன் உலாத்தப் போறான்" என்றாள் ஹமிதா.

பொழுது சாய்கையில் நாங்கள் வயலுக்குப் போனபோது அங்கே முன்பே ஒரு வண்டி நின்றிருந்தது. உக்தமும் அவன் மாணவர்களுமாக விழா மண்டபத்தின் சிவப்பு வெல்வெட் திரையை வரிசைகளின் மேல் விரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டமளிப்பு, நினைவஞ்சலி, வெளிநாட்டு விருந்தினர் என்று பல்கலைக்கழகத்தின் எல்லாப் பெருமைக்கும் பின்னால் தொங்கிய திரை. தங்கச் சரிகை ஓரம் சேற்றில் கிடந்தது.

"உக்தம்!" என்றாள் ஹிலோலா. "நாளைக்கு மேடைக்கு என்ன பண்ணுவே?"

"மேடைக்கு ஒண்ணும் குளிராது" என்றான் உக்தம். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அந்த முனைய இழு."

மறுநாள் விழா மண்டபத்தில் ரெக்டர் பேசியபோது அவருக்குப் பின்னால் வெறும் சுவர். அதையொட்டி ஏணி, உடைந்த நாற்காலி, ஓர் ஒழுகல் வாளி, எல்லாம் தரிசனம் தந்தன. பஹ்ரோம் முதல் வரிசையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உக்தமுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள் அவன் அக்கா. எங்கள் சுமலக் தண்ணீராகத்தான் இருந்தது, சட்டத்துறைக்காரர்கள் சிரித்தார்கள். ஹமிதா துடுப்பை விடாமல் நாள் பூராவும் அந்தக் கொப்பரையைக் கிண்டியவள், யார் சிரித்ததையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாத்திரத்தின் அடி பிடிக்காமல் இருக்கப் போடுகிற, கிடைத்தால் நினைத்தது நடக்கும் என்று சொல்கிற கூழாங்கற்களில் ஒன்றை மட்டும் எடுத்துக் கழுவி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அது வயலின் முதல் வரிசை முனையில் கிடந்ததைப் பார்த்தேன். ஹிலோலாவும் பார்த்தாள்; அதை அங்கேயே விட்டுவிட்டாள்.

பாதிக்கு மேல் செத்துப்போயின. உறைபனிக்குத் தப்பியதைக் காகம் கொத்தியது, காகத்துக்குத் தப்பியது கொஞ்சம் வெயிலில் சுருண்டது. அந்தக் கோடையில் ஹமிதா நினைத்து நினைத்துப் பயந்தாள். உக்தம் இருமினால் பயம், ஹிலோலா பஸ்ஸுக்குத் தாமதமானால் பயம். தனக்கு ஏதாவது வந்தால் மட்டும் கவலைப்படவில்லை. பல்வலி வந்தபோது, "வரட்டும், இதோட கழியட்டும்" என்று சந்தோஷமாகவே சொன்னாள். ஜூன் மாதத்தில் நின்றதெல்லாம் செம்மீசை விட்டது. ஹிலோலா யாரையும் தொடவிடாமல் தானே அறுத்து, தானே உதிர்த்தாள். பை நிறையவில்லை, ஆனால் போன தடவை கட்டிவைத்ததைவிடக் கூடவே இருந்தது. வெயில் தணிந்த இலையுதிர் காலத்தில் அதில் ஒரு பங்கை விதைத்தாள். இன்னொரு பங்கைத் துறையின் குளிர் அறையில் வைத்தாள், மற்றொன்றை வேறு ஊருக்கு அனுப்பினாள். பால்கனியில் எதுவும் வைக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் ஹமிதா வீட்டுக்கு ஒரு கிண்ணம் வாங்க ஆரம்பித்தபோது தன் வீட்டைக் கேட்கவில்லை. கடையில் நல்ல கோதுமையாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஹிலோலா பெரிய கிண்ணத்தில் துணி மூடிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

ஹமிதா துணியை விலக்கினாள். ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது அந்தக் கோதுமைல்ல?"

"அதேதான்."

"எடுத்துட்டுப் போடி. அது விதை. நான் வேற வாங்கிட்டேன். கொப்பரை கோவிச்சுக்காது, நான் பேசிக்கறேன்."

"இதே கோதுமைய, இதே அளவுக்குன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நீ அதையெல்லாம் நம்பமாட்டியே."

"நான் நம்பறேனோ இல்லையோ, நீங்க ஒரு வருஷமா சரியாத் தூங்கல. எனக்குத் தெரியும்."

ஹமிதா துணியை மறுபடி மூடினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குள் போனாள்.

அரைக்கிற நாளில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஜன்னலோரப் பலகைதான் வெள்ளை வெளேரென்று முதலில் முளைத்திருந்தது. ஹமிதா அந்தப் பின்னலைத் துண்டு துண்டாகக் கிழித்து அரவை இயந்திரத்தின் வாயில் வைத்தாள். வைத்தவளுக்குக் கை ஓடவில்லை. மத்லுபாகூட ஏதும் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க அக்கா" என்று ஹிலோலா முன்னால் வந்தாள்.

கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு முளையாக அறாமல் பிரித்த அதே விரல்கள். பால் வெள்ளையாக அண்டாவில் இறங்கியது. பலகை காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை. பிறகு காலிப் பலகையை ஹமிதாவிடம் கொடுத்தாள். ஹமிதா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் ஹிலோலா.  "அடுத்த பலகை யாருது?"

"என்னுது" என்றாள் மத்லுபா. "இந்தத் தடவ ஒரு கல்லு கெடையாது. ஒவ்வொண்ணாப் பொறுக்கியிருக்கேன்."